சத்தம் வந்தது, படம் வரவில்லை

கண்ணு,

கனடா வேலையை வேண்டாமென்று எழுதிக் கொடுக்கப் போவதாக நேற்று போனில் சொன்னாய். ஏன் என்று கேட்டதற்கு, "உன்னத் தனியா விட்டுட்டு எப்படிம்மா போறது" என்றாய். போனை வைத்த பிறகு எனக்கு வந்த சந்தோஷத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பூரித்துப் போனேன். என் பையன் எங்கேயும் போகவில்லை என்று பால் வாங்கப் போன இடத்தில் பால்காரரிடம்கூடச் சொன்னேன். சாப்பிட உட்கார்ந்தபோதுதான் அந்தச் சந்தோஷத்தை நினைத்து எனக்கே பயம் வந்தது. இதே மாதிரி ஒரு சந்தோஷத்தை நான் முன்பு ஒருவர் முகத்தில் பார்த்திருக்கிறேன். அவர் உன் மாமா, என் அண்ணன். கூடத்தில் மாலை போட்ட படமாக மட்டும்தான் உனக்கு அவரைத் தெரியும். நீ கேட்கும்போதெல்லாம், "மாடியிலேர்ந்து விழுந்து நடக்க முடியாம போயிட்டாரு, டிவி ரிப்பேர் பண்ணுவாரு, நல்ல மனுஷன்" என்பதோடு நிறுத்திக்கொள்வேன். மூன்றும் உண்மைதான். மீதியை இப்போது எழுதுகிறேன். போனில் சொன்னால் நடுவில் நீ ஏதாவது பேசுவாய், நான் அழுதுவிடுவேன். இதை முழுசாகப் படித்துவிட்டு அப்புறம் உன் ஆபீஸுக்கு என்ன எழுத வேண்டுமோ எழுது.

எங்கள் வீடு காஞ்சிபுரத்தில் பிள்ளையார்பாளையம் பக்கம். தெரு முழுக்கத் தறி. அப்பாவும் நெசவுதான். நான் பள்ளிக்கூடம் முடிப்பதற்குள் அம்மா, அப்பா இரண்டு பேருமே போய்விட்டார்கள். அண்ணன்தான் என்னைப் படிக்கவைத்தார். அவருக்குத் தறிப்பள்ளத்தில் கால் வைக்கவே பிடிக்காது. ரேடியோ ரிப்பேர் கற்றுக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் சின்னதாகக் கடை வைத்திருந்தார். மெட்ராஸில் டிவி வந்த புதிதில் எங்கள் ஊர்ப் பட்டுக்கடைக்காரர்கள் சிலர் பெட்டி வாங்கினார்கள். அவ்வளவு தூரத்திலிருந்து படம் பிடிக்க வேண்டுமானால் மாடிக்கு மேல் உயரமாகக் குழாய் நட்டு, அதன் உச்சியில் ஆன்டெனாவைக் கட்டி, படம் தெளியும்வரை திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். அண்ணன் அதில் கெட்டிக்காரர். அப்படி ஒரு மாடியில் குழாயைத் திருப்பிக்கொண்டிருந்தபோது சாய்ந்திருந்த கைப்பிடிச் சுவர் பெயர்ந்தது. சுவரோடு அவரும் கீழே வந்தார். ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கில் கிடந்தோம். அவர் உயிரைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள். இடுப்புக்குக் கீழே எதையும் காப்பாற்ற முடியவில்லை.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் நாங்கள் இரண்டு பேர் மட்டும். முதுகு புண்ணாகாமல் இருக்க அவரைக் கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் போட வேண்டும். குளிப்பாட்டுவது, மலம் எடுப்பது எல்லாம் என் கையில்தான். கல்யாணமாகாத தங்கச்சியிடம் இந்த வேலையெல்லாம் வாங்க வேண்டியிருக்கிறதே என்று அவர் கண்ணை இறுக்க மூடிக்கொள்வார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டே செய்வேன். மற்ற நேரத்தில் தறிக்காரர்களுக்குத் தார், அதாவது நாடாவுக்குள் போடும் நூல் குழல், சுற்றிக் கொடுப்பேன். கை ராட்டினத்தில் இருக்கும், காது அவர் அறையில் இருக்கும். கடைக்குப் போனால் ஓட்டமும் நடையுமாகத் திரும்புவேன். வைகாசியில் கருட சேவைக்கு ஊரே தெருவில் நிற்கும். கொட்டுச் சத்தம் தெருமுனைவரை வந்து அப்படியே தேய்ந்துபோகும். "நீ போய்ப் பாத்துட்டு வாயேம்மா" என்பார். "கூட்டம்ணா, எனக்குப் புடிக்கல" என்பேன். ரெண்டு பேரும் பொய் சொல்கிறோம் என்பது ரெண்டு பேருக்குமே தெரியும்.

இதில் இன்னொன்றும் இருந்தது, அதை உனக்குச் சொல்லியாக வேண்டும். தெருவில் எல்லோரும் என்னைப் புகழ்ந்தார்கள். இப்படி ஒரு தங்கச்சி யாருக்குக் கிடைக்கும், கோயில் கட்டிக் கும்பிடலாம் என்றெல்லாம் சொல்வார்கள். முதலில் அது எனக்கு வெல்லமாக இருந்தது. போகப் போக, அந்தப் பேச்சைக் கேட்டாலே மூச்சு முட்டியது. கோயில் கட்டிவிட்டால் உள்ளே இருப்பது வெளியே வர முடியாதே. உன்னையும் இப்போது நம் சொந்தக்காரர்கள் அப்படிப் புகழ்வார்கள். அம்மாவுக்காக கனடாவையே விட்டான் என்பார்கள். அந்தப் பேச்சு கொஞ்ச நாளைக்குத்தான் இனிக்கும்.

பக்கத்து வீட்டு ராஜம்மா அக்கா மட்டும் என்னைப் புகழ மாட்டாள். அவர்கள் தெலுங்கு பேசும் நெசவுக் குடும்பம், பெண்ணே என்பதற்கு அம்மாயி என்பாள். அவள் வீட்டுக்காரர் கிருஷ்ணய்யா. சொந்தமாகத் தறி போட இடமில்லாமல் இன்னொருவர் வீட்டில் கூலிக்கு நெய்துகொண்டிருந்தார். ஒருநாள் அவள் கேட்டாள். "அம்மாயி, உங்க கூடத்துல தறிப்பள்ளம் சும்மாதானே கெடக்குது? நாங்க அதுல தறி போட்டுக்கறோம். எங்க வூட்டுக்காரரு உங்க அண்ணன தூக்கறது, எடுக்கறதெல்லாம் பாத்துப்பாரு. உனக்கும் ஒத்தாசயா இருக்கும்." நான் அதை அண்ணனிடம் சொன்னேன். அவர் முகம் கறுத்துவிட்டது. "அசலான் கை எம்மேல படறதுக்கு நான் செத்துடலாம்" என்றார். அதோடு அந்தப் பேச்சு நின்றது.

கடையைக் காலி செய்தபோது வந்த சாமான்கள் பரண் மேல் கிடந்தன. ஒருநாள் காலையில், "அதெல்லாம் கீழ எறக்கும்மா" என்றார். வால்வுகள், கம்பிச் சுருள்கள், ஒரு பட்டுக்கடைக்காரர் வீட்டில் கழற்றிய பழைய பிக்சர் டியூப் என்று எல்லாவற்றையும் இறக்கினேன். தறி செய்யும் ஆசாரி மரப்பெட்டி அடித்துக் கொடுத்தார். கட்டிலை ஒட்டி ஒரு மேஜை போட்டோம். பெட்டியின் முதுகு அண்ணன் பக்கம், கண்ணாடித் திரை சுவர்ப் பக்கம். திரையில் என்ன தெரிகிறது என்று பார்ப்பதற்காக அதற்கு எதிரே ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியைச் சாய்த்து வைக்கச் சொன்னார். தலையணையில் சாய்ந்தபடி அவர் கம்பிகளைச் சேர்ப்பார். அவர் கை எட்டாத இடத்தில் நான் பிடித்துக்கொள்வேன். ஆன்டெனாவைக் கட்ட நான்தான் மாடி ஏறினேன். நான் இறங்கி வரும்வரை கீழே அவர், "புடிச்சிக்கினு எறங்கு, சொவத்துல சாயாத" என்று கத்திக்கொண்டே இருந்தார்.

முதலில் சத்தம் வந்தது. ஒரு சாயங்காலம் பெட்டிக்குள்ளிருந்து யாரோ செய்தி வாசித்தார்கள். நாங்கள் ரெண்டு பேரும் பைத்தியம் மாதிரி சிரித்தோம். ஆனால் படம் வரவில்லை. திரை அடுப்புக்கல் மாதிரி கறுப்பாகவே கிடந்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு சாயங்காலமும் அதே கதைதான். பெட்டியைப் போடுவார், பாட்டு வரும், பேச்சு வரும், சிரிப்பு வரும், எதையும் பார்க்க முடியாது. ஒரு வால்வைக் கழற்றி இன்னொன்றைப் போட்டுப் பார்ப்பார், மீட்டரை வைத்துப் பார்ப்பார், கண்ணாடியை முறைத்துக்கொண்டு படுத்திருப்பார். பூட்டிய கதவுக்கு அந்தப்பக்கம் கல்யாணம் நடக்கிற மாதிரி இருக்கும் எனக்கு.

அந்தச் சமயத்தில்தான் எனக்கு வேலை வந்தது. பள்ளிக்கூடம் முடித்தபோது எழுதிப் போட்டிருந்த டெலிபோன் ஆபரேட்டர் வேலை. மெட்ராஸில் டிரெயினிங், தங்க ஹாஸ்டல். நான் அந்த ஆர்டரைப் படித்துக் காட்டியபோது அண்ணன் அதை வாங்கித் தடவிப் பார்த்தார். அப்புறம், "இந்தப் பெட்டி ஓடட்டும்மா" என்றார். "படம் வந்துட்டா, நாலு பேரு செட்டக் கொண்டாந்து குடுப்பாங்க. என் பொழப்ப நான் பாத்துப்பேன். தூக்கி வுட ஒரு ஆள வெச்சுக்கலாம். நீ போ." அதனால் தேதியைத் தள்ளிக் கேட்டு எழுதினேன். தள்ளிக் கொடுத்தார்கள். இதுதான் கடைசி, இதற்கு மேல் முடியாது என்று பதில் வந்தது. தள்ளிக் கொடுத்துவிட்டார்கள் என்று சொன்னபோது அவர் முகத்தில் வந்ததே ஒரு சந்தோஷம், அதைத்தான் மேலே சொன்னேன். எனக்காகச் சந்தோஷப்படுகிறார் என்று அப்போது நினைத்தேன்.

நாள் ஓடியது. கோளாறு என்னவென்று கேட்டால், "ட்ரான்ஸ்ஃபார்மர் போச்சு, டியூபுக்கு ஹை வோல்டேஜ் வரல. மெட்ராஸ்ல சொல்லியிருக்குது, வரணும்" என்பார். இத்தனை நாள் சலிக்காமல் ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்த மனுஷன், திடீரென்று ஸ்க்ரூ டிரைவரைத் தொடுவதையே விட்டுவிட்டார். சத்தத்தை மட்டும் போட்டுக்கொண்டு கண்ணை மூடிப் படுத்திருப்பார். நான் போக வேண்டிய தேதி கிட்டே வந்துகொண்டிருந்தது. தார் சுற்றும்போது நினைவு எங்கோ போய் இழை இழையாக அறுந்தது.

சுற்றிய தாரைக் கொடுக்க ஒரு சாயங்காலம் பட்டுக்கடைக்காரர் வீட்டுக்குப் போனேன். கூடத்தில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. திரை முழுக்கக் குழந்தைகளின் கைத்தடம். "கொஞ்சம் தொடச்சி வுடும்மா" என்று அந்த வீட்டு அம்மா துணியைக் கொடுத்தார்கள். கையைக் கிட்டே கொண்டுபோனதும் புறங்கை முடியெல்லாம் எழுந்து நின்றது. கண்ணாடி என் கையை லேசாக இழுப்பது போல இருந்தது, பொரபொரவென்று ஒரு சத்தமும் கேட்டது. இந்தப் பெட்டியும் கெட்டுப்போச்சோ என்று பயந்து கையை எடுத்தேன். "ஒண்ணும் ஆவாது, உள்ள ஹை வோல்டேஜ் இருக்குதுல்ல, அப்படித்தான் இழுக்கும்" என்று அவர்கள் வீட்டுப் பிள்ளை சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நம் வீட்டுப் பெட்டியை நான் தினமும் சாயங்காலம் துடைக்கிறேன். தினமும் என் கை முடி இப்படித்தான் நிற்கிறது.

வீட்டுக்கு வந்தேன். அண்ணன் பெட்டியைப் போட்டு வைத்திருந்தார், யாரோ வீணை வாசித்துக்கொண்டிருந்தார்கள். நான் நேராகப் போய் திரைக்கு முன்னால் கையை நீட்டினேன். முடி எழுந்தது. எதிரே சாய்த்து வைத்திருந்த கண்ணாடியில் அவர் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணா, ஹை வோல்டேஜ் வருதே."

அவர் போர்வையை மார்புவரை இழுத்துக்கொண்டார்.

"ட்ரான்ஸ்ஃபார்மர் போச்சுன்னியே. போயிருந்தா முடி எப்படி நிக்கும்?"

"உனக்கு இன்னா தெரியும்? சும்மா இரு."

"தெரியலன்னுதான் கேக்கறேன்." பெட்டியை அணைத்து பிளக்கைப் பிடுங்கினேன். சுற்றி வந்து, திறந்து கிடந்த முதுகுப்பக்கம் கையை விடப் போனேன்.

"தொடாத!" என்று அலறினார். விழுந்த அன்றைக்குக்கூட அவர் வாயிலிருந்து சத்தமே வரவில்லை என்று பார்த்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். "அணைச்சாலும் உள்ள நிக்கும்மா. அடிச்சா செத்துடுவ."

"அப்ப நீயே சொல்லு. எப்படித் தொடணும்?"

அவர் கண்ணை மூடிக்கொண்டார். வேண்டாமென்று சொல்லியிருக்கலாம், திட்டியிருக்கலாம். நான் தெரியாமல் எதையாவது தொட்டுவிடுவேனோ என்ற பயம்தான் அவருக்குப் பெரிதாக இருந்தது. "கம்பி ஒண்ண எடுத்து ஒரு மொனைய பெட்டி அடியில இருக்கற இரும்புத் தட்டுல கட்டு. இன்னொரு மொனைய ஸ்க்ரூ டிரைவர் தண்டுல சுத்து. புடிய மட்டும் புடி. டியூப் பக்கத்துல ரப்பர் மூடி இருக்குது பாரு, அதுக்கு அடியில மெதுவா வுடு." விட்டேன். பட்டென்று ஒரு பொறி தெறித்தது. "இன்னொரு வாட்டி." இந்த முறை பொறி வரவில்லை.

"இப்ப எதப் பாக்கறது?"

முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அப்படியே, "பச்ச" என்றார்.

டியூபின் வாலுக்குப் போன கம்பிகளில் ஒன்று பச்சை. அதன் மேல் ஓர் உறை மாட்டியிருந்தது. உறையைத் தள்ளினேன். கம்பி இரண்டாக இருந்தது. தானாக அறுந்தால் முனை பிசிறாக இருக்கும். இது நறுக்கென்று வெட்டி, இரண்டு முனையும் ஒன்றையொன்று தொடாமல் வைத்து, மேலே உறையை இழுத்து மூடியிருந்தது.

"எப்பண்ணா?"

"வெள்ளிக்கெழம. நீ அம்மன் கோயிலுக்குப் போயிருந்த."

"படம் வந்துச்சா?"

"வந்துச்சும்மா." அவர் குரல் குழந்தை குரல் மாதிரி ஆகிவிட்டது. "கோளாற கண்டுபுடிச்சிட்டேன். வேர்க்கல்லையில பூச்சி வுழுந்தா இன்னா மருந்தடிக்கணும்னு ஒருத்தரு சொல்லிக்கினு இருந்தாரு. கண்ணாடியில பாத்ததால அவரு சட்டப் பாக்கெட்டு வலது மாரு பக்கம் தெரிஞ்சிச்சு. பட்டன் கூடத் தெரிஞ்சிச்சு. உன்னக் கூப்புட வாயத் தெறந்தேன். நீ வூட்ல இல்லன்னு அப்பதான் ஞாபகம் வந்துச்சு. நீ போயிட்டா இப்படித்தான இருக்கும்? யாருமில்லாத வூட்ல வாயத் தெறந்துக்கினு... கட்டிங் பிளேயரு கைலயே இருந்துச்சு."

நான் திட்டவில்லை. என்ன சொல்லித் திட்டுவது? கொல்லைப்பக்கம் போய்த் துவைக்கிற கல்லில் உட்கார்ந்தேன். போனால் இந்த மனுஷன் செத்துப்போவார் என்று தோன்றியது. இருந்தால் ஒருநாள் நானே அவர் சாவை வேண்ட ஆரம்பித்துவிடுவேன் என்றும் தோன்றியது. எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்தான் இருந்தது. எழுந்து உள்ளே வந்து, அவரைப் புரட்டிப் போட வேண்டிய நேரமாகிவிட்டதால் புரட்டிப் போட்டேன். அன்றைக்குப் படுக்கப் போகும்போது, வேலைக்கு வர முடியாதென்று எழுதிப் போட்டுவிடலாம் என்றே முடிவு செய்துவிட்டேன். நேற்று நீ எடுத்த அதே முடிவு.

காலையில் காபி கொண்டுபோனேன். வாங்கிக்கொள்ளாமல், "கிருஷ்ணய்யாவ வரச் சொல்லு" என்றார்.

கிருஷ்ணய்யா வேட்டியில் கையைத் துடைத்தபடி வந்து நின்றார். அண்ணன் என்னைப் பார்க்கிறார், கூரையைப் பார்க்கிறார். கடைசியில், "என்னக் கொஞ்சம் தூக்கிப் பாரு" என்றார். கிருஷ்ணய்யா குனிந்து ஒரே வீச்சில் அவரை மார்போடு தூக்கினார். அண்ணன் கண்ணை மூடவில்லை, உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார். "இன்னாபா இது, ஒரு பாவு நூலு சுமக்கற கனம் கூட இல்லியே நீ" என்றார் கிருஷ்ணய்யா. அண்ணன் உடம்பு குலுங்கியது. அழுகிறாரென்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தார், கண்ணிலிருந்து தண்ணீரும் வந்துகொண்டிருந்தது. "கூடத்துல தறி போட்டுக்கோங்க. வாடக வேணாம். என்ன மட்டும் பாத்துக்கோங்க" என்றார்.

பச்சைக் கம்பியை அவரே ஈயம் வைத்து ஒட்டினார். சாயங்காலம் தெருவே எங்கள் வீட்டுக்குள் வந்துவிட்டது. படம் கொஞ்சம் புள்ளி புள்ளியாகத்தான் தெரிந்தது, ஆனாலும் தெரிந்தது. நான் அதைச் சரியாகப் பார்க்கவில்லை. உள்ளே புடவைகளை மடித்துக்கொண்டிருந்தேன்.

மெட்ராஸுக்குப் போனதும் எல்லாம் சரியாகிவிட்டது என்று உனக்குச் சொல்ல மாட்டேன். ஹாஸ்டலில் பாதித் தூக்கத்தில் எழுந்து யாரைப் புரட்ட வேண்டுமென்று தேடுவேன். போர்டுக்கு முன்னால் உட்கார்ந்து ஊர் ஊராக இணைத்துக் கொடுத்தாலும் மனசு பிள்ளையார்பாளையத்திலேயே இருந்தது. லீவுக்குப் போனால் கூடத்தில் தறி ஓடும், அறையில் அண்ணனைச் சுற்றி ஓரிக்கை, வாலாஜாபாத் என்று எங்கெங்கிருந்தோ வந்த பெட்டிகள் அடுக்கியிருக்கும். அவரும் கிருஷ்ணய்யாவும் அரசியல் பேசிச் சண்டை போட்டுக்கொள்வார்கள். எனக்கு அதைப் பார்க்கப் பொறாமையாகக்கூட இருந்தது. நான் இல்லாமல் இந்த வீடு நடக்கிறதே என்று. பிறகு வேலை செய்த இடத்தில் உன் அப்பாவைப் பார்த்தேன், கல்யாணம் ஆனது, நீ பிறந்தாய். அந்தக் கதை உனக்கே தெரியும்.

நீ பிறந்த வருஷமே அண்ணன் போய்விட்டார். காய்ச்சல் வந்து இரண்டு நாளில் முடிந்துவிட்டது. நான் உன்னைத் தூக்கிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. ராஜம்மா அக்காவைக் கட்டிக்கொண்டு, "என்னக் கேட்டாரா?" என்றேன். அவளுக்கு மழுப்பத் தெரியாது. "இல்ல அம்மாயி. தண்ணி கேட்டாரு. குடுத்தோம்" என்றாள்.

அந்தப் பதில் வருஷக்கணக்கில் என்னை அறுத்தது. கடைசி நேரத்தில் என்னைக் கேட்கவில்லையே என்று. உன்னை வளர்த்து, உன் அப்பாவையும் அனுப்பிவைத்து, எனக்கே வயசான பிறகுதான் அது வேறு மாதிரி கேட்க ஆரம்பித்தது. அவருக்குத் தாகம் எடுத்தது, கேட்டார், கொடுக்கக் கிட்டே ஆள் இருந்தது. யாருமில்லாத வீட்டில் அவர் வாயைத் திறக்கவில்லை.

ஆகையால் கண்ணு, எனக்காக எதையாவது விடுவதாக இருந்தால் என்னைக் கேட்டுவிட்டு விடு. நானும் அண்ணனும் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளவே இல்லை, அதனால்தான் அவ்வளவு பாடும். நீ கேட்டால் நான் சொல்லும் பதில் இது: போ. நேற்று நான் பட்ட சந்தோஷத்தை நம்பாதே. இன்றைக்குக் காலையில் மாடி வீட்டுப் பெண்ணிடம் போய், என்னைக் கொஞ்சம் பார்த்துக்கொள்வாயா என்று வாய்விட்டுக் கேட்டேன். கேட்பதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. "இத்தன நாளா ஏம்மா கேக்கல" என்று கோபித்துக்கொண்டாள். தன் வீட்டுச் சாவி ஒன்றை என்னிடம் கொடுத்து, என் சாவி ஒன்றை வாங்கிக்கொண்டு போயிருக்கிறாள்.

ஒருநாள் உனக்கு இங்கிருந்து போன் வரும். நீ வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருக்கலாம். அப்போது அந்த மாடி வீட்டுப் பெண்ணிடம், நான் உன்னைக் கேட்டேனா என்று கேட்டுப் பார். "அம்மா தண்ணி கேட்டாங்க, குடுத்தோம்" என்றுதான் அவளும் சொல்வாள்.

அம்மா